குஞ்சு இறக்கச் சொல்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான் இருக்கிறேன். நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நம்ப மாட்டாய், நலமில்லை என்று எழுதினால் உடனே யாரையாவது கதவை உடைக்க அனுப்பிவிடுவாய், அதனால் இருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன், பதில் எழுது. நான் ஏன் போனை எடுக்க மாட்டேன் என்கிறேன் என்று மாமாவிடம் கேட்டாயாம். எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதல் வார்த்தை நல்லபடியாக வரும், இரண்டாவது வார்த்தையில் நான் கத்துவேன், மூன்றாவதில் நீ அழுவாய், நான் அழ மாட்டேன், பிறகு நான் ஏன் அழவில்லை என்று அதற்கு ஒரு சண்டை. காகிதத்தில் என்றால் நான் சொல்லி முடிக்கும் வரை நீ குறுக்கே வர முடியாது, அதற்காகத்தான் இது. கிழித்துப் போடத் தோன்றினால் கிழித்துக்கொள், ஆனால் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

நேற்று தராசு வந்தார். நமக்குக் குஞ்சும் தீவனமும் கொடுத்து வளர்க்கச் சொல்கிற கோழிக் கம்பெனி சூப்பர்வைசரைத்தான் சொல்கிறேன், கோழியானாலும் குழந்தையானாலும் பார்த்த உடனே எடை என்ன வரும் என்று கேட்கிறவர் என்பதால் அம்மா அவருக்கு வைத்த பெயர், உனக்கு மறந்திருக்காது. ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பழைய மரத்தூளை அடியோடு வழித்து வெளியே தள்ளி, தரையையும் சுவரையும் பிரஷர் பம்ப் வைத்துக் கழுவி, மருந்தடித்து, சுண்ணாம்பு பூசிக் காயவிட்டிருக்கிறேன். தண்ணீர்க் குழாய்க்குள் வழவழவென்று படிந்திருந்ததை மருந்துத் தண்ணீர் நிறுத்தி வைத்து வெளியே தள்ளிவிட்டு, கோழி கொத்திக் குடிக்கிற ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் தட்டிச் சொட்டுகிறதா என்று பார்த்தாயிற்று. ஃபேன் பேரிங்குகளுக்குப் புது கிரீஸ், தேய்ந்த பெல்ட்டெல்லாம் மாற்றியாயிற்று, தீவனக் குழாய்க்குள் சுற்றுகிற ஸ்பிரிங் ஓரிடத்தில் அறுபட ஆரம்பித்திருந்தது, வெட்டி வெல்டு வைத்துவிட்டேன். ஜெனரேட்டரை லோடு கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். புது மரத்தூள் பரப்பி, குஞ்சுக்குச் சூடு கொடுக்கிற புரூடரை எரியவிட்டு, தரையில் கை வைத்துச் சூடு கூடப் பார்த்துவிட்டேன். குஞ்சு ஒன்றுதான் பாக்கி. எப்ப சார் இறக்குறீங்க என்று கேட்டேன். தராசு தலையைச் சொறிந்தார். சார், இந்தத் தடவை வேணாம்னு உங்க பொண்ணே போன் பண்ணிட்டாங்களே, உங்ககிட்ட சொல்லலையா என்கிறார். மாப்பிள்ளை இல்லாத கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன் மாதிரி நின்றேன். அப்பாவுக்கு மனசு சரியில்ல, ஷெட் காலியா இருந்தா அவராவே கெளம்பி என்கிட்ட வந்துடுவார் என்று வேறு அவரிடம் சொல்லியிருக்கிறாய். அவரும் அதை என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, என் எடையைப் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தார். அம்மா பெயரில் இருந்த ஒப்பந்தம் உன் பெயருக்குத்தானே மாறியிருக்கிறது, அன்றைக்குக் கையெழுத்துப் போடுகிற நிலையில் நான் இல்லை என்று நீயும் மாமாவும் முடிவு செய்தீர்கள், நானும் யார் பெயரில் இருந்தால் என்ன என்று விட்டேன். இப்போது தெரிகிறது என்ன என்று. என் ஷெட்டுக்குக் குஞ்சு வர உன் வாய்வார்த்தை வேண்டும். மாசக் கடைசி வரைக்கும் உங்க இடத்த வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன், அதுக்கப்புறம் என் கையில இல்ல என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் அந்த ஒரு மத்தியானத்தால் வந்தது, அதனால் அதையும் என் வாயாலேயே கேட்டுக்கொள், மாமா சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதாதே. அம்மாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன வாரம் நீ இங்கே இருந்தபோது ஷெட் உத்தரத்தில் கேமரா மாட்டினாய். எதுக்கு என்று கேட்டேன். குஞ்சுங்களப் பார்க்கத்தாம்ப்பா, அங்க இருந்தே டெம்பரேச்சரும் பார்த்துக்கலாம் என்றாய். நானும் நம்பி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கேபிளுக்குக் கிளிப் கூட நான்தான் அடித்தேன். தன்னைக் கட்டுகிற கயிற்றைத் தானே திரித்துக் கொடுத்த மாடு நான். நீ பார்த்தது குஞ்சை இல்லை, என்னை. அன்றைக்குப் பார்க்கிறாய், நான் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருக்கிறேன், அசையவில்லை. போன் அடிக்கிறாய், எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடிக்கிறாய். தலை கீழே தொங்குகிறது, கை முழங்கால் மேல் கிடக்கிறது, கோழிகள் வந்து பூட்ஸைக் கொத்துகின்றன, அதற்கும் அசையவில்லை. உடனே மாமாவுக்குப் போன், மாமா, அப்பா அசையவே மாட்டேங்குறார், ஓடுங்க என்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

நான் வேலை செய்துகொண்டிருந்தேன். இந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அது வேலை என்று தெரியவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. போன் ஷெட்டுக்குள் போகாது, மணியடித்தால் கோழி மிரளும் என்று உன் அம்மா போட்ட சட்டம், பூட்ஸ் மாற்றுகிற அறையில் அலமாரியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம், நீயும் அப்படித்தான் வைத்திருக்கிறாய். உள்ளே போனதும் அம்மா வாளியைக் கவிழ்த்து உட்காருவாள். பேச மாட்டாள், கையைத் தூக்க மாட்டாள், மூக்கு அரித்தாலும் சொறிய மாட்டாள். ஆள் இருக்கிறத கோழி மறக்கணும், மறந்தப்புறம்தான் அதுக்கு என்ன கஷ்டம்னு காட்டும் என்பாள். இயந்திரம் என்னுடையது, கோழி அவளுடையது, அதுதான் எங்களுக்குள் பங்கு. நான் மீட்டரைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்பேன், உங்க மீட்டருக்கு மூக்கு இல்ல என்பாள். மீட்டருக்கு இருக்கிற முள் உன் மூக்குக்கு இல்லையே என்பேன். பாதி நாள் அவள் சரி, பாதி நாள் நான் சரி. ஒருமுறை ஃபேனில்தான் கோளாறு என்று என்னை நாள் முழுக்க ஏணியில் ஏற்றி இறக்கினாள், கடைசியில் பார்த்தால் தீவன மூட்டை பூஞ்சணம் பிடித்திருந்தது. தப்பை ஒத்துக்கொண்டாளா, சரி சரி எறங்குங்க, டீ ஆறுது என்றாள். அப்படித்தான் ஓட்டினோம். இப்போது இரண்டு பேர் வேலையும் என் ஒருவன் தலையில். அன்றைக்கு ஷெட்டின் கடைக்கோடியில், ஃபேன் பக்கம், இடது சுவரோரம் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குக் கோழியே நிற்கவில்லை. வேறெங்கும் இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, அங்கே மட்டும் வெறும் தரை. மீட்டர் எல்லாம் சரி என்கிறது. அதனால் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தரையோரம் மிதக்கிற பொடி இறகு ஃபேனைப் பார்த்துப் போகாமல் உள்பக்கம் திரும்பி வருவதைப் பார்த்தேன். ஓடாமல் நிறுத்தி வைத்திருந்த ஒரு ஃபேனின் ஷட்டர் தூசி அடைத்துச் சரியாக மூடவில்லை, வெளிச்சூடு அந்தச் சந்து வழியாக உள்ளே ஊதிக்கொண்டிருக்கிறது. நடுவில் தொங்குகிற சென்சாருக்கு அது எப்படித் தெரியும். நான் தலையைக் கீழே போட்டிருந்தேன் என்கிறாய், ஆமாம், தரையில் மிதக்கிற இறகைப் பார்க்கிறவன் வானத்தையா பார்ப்பான்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுந்திருக்கப் போகிற நேரத்தில் உன் படை வந்தது. மாமாவும், வழியில் அவர் கூப்பிட்ட இரண்டு பேரும். அசையலைன்னு நீ சொன்னதை வைத்து மாமா என்ன நினைத்தார் தெரியுமா, கரண்ட் அடித்துவிட்டது என்று. கரண்ட் அடித்தவனைத் தொடும் முன் மெயினை நிறுத்து என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான், நல்ல மாணவர். நேராகப் போய் வெளிச்சுவரில் இருக்கிற ஷெட் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். ஊருக்குக் கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானே ஓடும், ஆனால் அதன் கரண்டும் இந்த மெயினைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும், கழுத்தையே பிடித்துவிட்டால் மூக்கு திறந்திருந்து என்ன பயன். அத்தனை ஃபேனும் ஒன்றாக நின்றன. விளக்கு போனது. பேட்டரியில் ஓடுகிற சைரன் அலற ஆரம்பித்தது. கோழிகள் மிரண்டு எழுந்திருக்கும்போதே ஃபேன் பக்கத்துப் பெரிய கதவை அந்த இரண்டு பேரும் இழுத்துத் திறந்தார்கள், இருட்டில் இருந்த கோழிகள் மேல் வெயில் மொத்தமாக வந்து விழுந்தது. விற்கிற எடைக்கு வந்துவிட்ட கோழிகள். எல்லாம் எதிர்ப்பக்கம் ஓடி, காற்றைக் குளிர வைக்கத் தண்ணீர் ஓடுகிற கூலிங் பேட் சுவரோரம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின. காற்று இல்லை, அடியில் இருப்பதற்கு மூச்சு இல்லை. மச்சான், மெயினப் போடுங்க, கதவ மூடுங்க என்று கத்துகிறேன், சைரனில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. உன் மாமா ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மாப்ள, இருக்கியா, மாப்ள, இருக்கியா என்று அழுகிறார். இருக்கேன், கோழிதான் சாகுது, விடுங்க என்கிறேன், விட மாட்டேன் என்கிறார். தள்ளினேன். விழுந்தார். மெயினை நான் போய்ப் போட்டுவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குவியலைக் கை கையாக அள்ளிப் பிரித்தோம். மேலே இருந்தது பிழைத்தது, அடியில் இருந்தது உடம்புச் சூடு கூட ஆறாமல் சத்தமில்லாமல் கிடந்தது. கைவண்டியில் போட்டுக் குழிக்குக் கொண்டுபோனோம், மாமாவும்தான் தள்ளினார். வந்த இரண்டு பேரில் ஒருவன், எப்படியோ நீங்க நல்லா இருக்கீங்களே சார், அது போதும் என்றான். அவனை அடிக்காமல் அனுப்பினேனே, அதற்காக என்னை நீ மெச்ச வேண்டும்.

அன்று சாயங்காலமே கேமரா மேல் சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டேன். அது இனி அவிழாது. உனக்கு ஒன்று சொல்கிறேன், எதையாவது ஒன்றைத் தீர்மானித்துக்கொள். அம்மா இறந்த வாரம் நீ என்ன சொன்னாய், அம்மா செத்ததுக்கு நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலப்பா, நீயெல்லாம் கல்லுப்பா என்றாய், அத்தனை பேர் நடுவில் சொன்னாய். அதற்குப் பிறகு என்ன, உட்கார்ந்தால் உடைந்துபோவேன், தனியாக விட்டால் சிதறிப்போவேன் என்று காவல் வைக்கிறாய். கல் என்றால் கல் என்று விட்டுவிடு, கண்ணாடி என்றால் மேலே கல்லெறியாதே. மாமா தினமும் வந்து வாசலில் நின்று இருமிவிட்டுப் போகிறார், உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்கிறாராம். அத்தை சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் அழ வேண்டிய அழுகையையும் சேர்த்து அவளே அழுதுவிட்டு, போகும்போது, ஒனக்கு இன்னும் வயசு இருக்குப்பா, நாப்பத்தி மூணு ஒரு வயசா என்று ஆரம்பிக்கிறாள். டப்பாவைக் கழுவிக் கொடுத்து, இனி சாப்பாடு மட்டும் வந்தாப் போதும், கல்யாணப் பேச்சு வேணாம் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டாள். கோபித்துக்கொள்ளட்டும்.

நீ என்னிடம் கேட்காததற்கும் பதில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ மாமாவிடம் கேட்கிறாய், தராசிடம் சொல்கிறாய், என்னிடம் மட்டும் சாப்பிட்டியா தூங்கினியா என்று சுற்றிச் சுற்றி வருகிறாய். உன் அம்மாவுக்குத் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. நான் படித்த இயந்திரப் படிப்பில் எது வெடித்தாலும் முன்னால் ஒரு அறிகுறி இருக்கும், அழுத்தம் ஏறும், சத்தம் மாறும், கசியும். அவளுக்கு ஒன்றும் இல்லை. தீவனத் தட்டைக் கழுவிக்கொண்டே, இந்தத் துணியக் கொஞ்சம் எடுங்க என்றாள், எடுத்துக்கொண்டு திரும்பினேன், கீழே கிடந்தாள். அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சூடான டீ சூடாகத் தெரியவில்லை. கை கிழிந்தால் ரத்தத்தைப் பார்த்துத்தான் கிழிந்தது என்று தெரிகிறது. நீ அழுதபோதும் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ அழுகிற மாதிரி இருந்தது. இப்படி இருக்கிறவனைப் பார்த்து நீ பயந்ததில் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சாக வேண்டும் என்று தோன்றவில்லை. இருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை, அதுதான் உண்மை. ஆனால் விடிந்தால் அதுகளுக்குத் தண்ணீர் வர வேண்டும், காற்று வர வேண்டும், அதற்கு நான் எழுந்திருக்க வேண்டும், எழுந்திருப்பேன். ஆசை இல்லாமலும் எழுந்திருக்க முடிகிறது என்றால் அது இந்த வேலையால்தான். அதைத்தான் நீ போன் போட்டு நிறுத்தியிருக்கிறாய். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து எனக்கு இருந்த ஒரே பிடியை நீ வெட்டுகிறாய். குவியலைப் பிரித்த அன்றைக்குத்தான் முதன்முதலாக எனக்கு ஒன்று உறைத்தது, கோபம். வந்தது இன்னும் போகவில்லை. போய்விட்டால் மறுபடி அந்த மரத்த உடம்போடு உட்கார வேண்டுமே என்று இருக்கிறது, அதனால் சமாதானம் பேச வராதே, மன்னிச்சுடுப்பா என்று எழுதாதே, இப்போதைக்கு எனக்கு அது வேண்டாம்.

எனக்கு வேண்டியது இதுதான். தராசுக்குப் போன் போட்டு, நான் சொன்னது தப்பு, எங்கப்பா பார்த்துக்குவார், குஞ்சு இறக்குங்க என்று சொல். உன்னிடம் நான் வரமாட்டேன். அங்கே வந்து நான் என்ன செய்வேன், நீ வேலைக்குப் போன பிறகு உன் அறையின் நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டு, உன் ஃபிரிட்ஜ் மோட்டார் சத்தத்தில் என்ன குறை என்று கேட்டுக்கொண்டு இருப்பேன். அங்கேதான் நீ பயப்படுகிறது நடக்கும். இன்னொன்று, உன் ரூம் ஹீட்டரின் பிளக் சூடாகிறது என்று ஒருமுறை சொன்னாயே, இன்னும் அதையேதான் வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். பிளக் சூடானால் உள்ளே திருகு லூஸாக இருக்கிறது என்று அர்த்தம், துணியைச் சுற்றிப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்காதே, மாற்று. வீடு எரிந்தால் உன்னைப் பார்க்க என்னிடம் கேமரா இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு, பசிக்கு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே, அம்மா மாதிரியே நீயும் தலைவலியை யாரிடமும் சொல்ல மாட்டாய், ஒரு தடவை டாக்டரிடம் போய் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வந்த அளவை எனக்கு எழுது. இது யோசனை இல்லை, உத்தரவு.

குஞ்சு இறங்கியதும் போனை எடுப்பேன். சாயங்காலம் நான் ஷெட்டிலிருந்து வெளியே வந்த பிறகு கூப்பிடு. சாப்பிட்டியா என்று கேட்காதே, அது யாரும் யாரிடமும் கேட்கலாம். நேராகக் கேள், அப்பா, இருக்கணும்னு இருக்கா என்று கேள். இருக்கு என்று நான் சொல்கிற நாளும் வரலாம், தெரியல என்று சொல்கிற நாளும் வரும். தெரியல என்று சொன்னால் யாரையும் ஓடவிடாதே, நீயும் அழுது ஊரைக் கூட்டாதே, போனை மட்டும் வைத்துவிடாதே. பேசவும் வேண்டாம், அந்தப் பக்கம் சும்மா இரு. அது எனக்குப் போதும்.

கோபம் இருக்கிறது என்பதற்காக ஆசீர்வாதம் இல்லாமல் போகாது. நல்லபடியாக இரு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இரு. என்னைவிட ரொம்ப நாள் இரு, அந்த ஒன்றில் மட்டும் உன்னிடம் எனக்குச் சமாதானம் கிடையாது.

மாசக் கடைசிக்குள் தராசிடம் பேசு.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத,
உன் அப்பா